ஜெருசலேமில் சாவி ஒருவரிடம், ஏணி இன்னொருவரிடம்

கேள்வி: ஜெருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோவில் சாவி முஸ்லிம் குடும்பத்திடம் இருப்பதை மத நல்லிணக்கத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அதே கோவிலுக்குள் துறவிகள் அடித்துக்கொள்ளும் வீடியோவும் வருகிறது. எது நிஜம்? எல்லோருக்கும் பொது என்று அறிவித்துவிட்டால் தீராதா?

பதில்: தீராது. புதுச் சண்டைக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

முதலில் சாவி. அதை வைத்திருப்பது ஜூதே குடும்பம்; கதவைத் திறந்து மூடுவது நுசைபா குடும்பம். எப்போது திறப்பது என்று சொல்லும் உரிமை இருவருக்குமே இல்லை. அது கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க பிரான்சிஸ்கன், அர்மீனிய சபைகளுடையது. இரவில் உள்ளேயே வைத்துப் பூட்டப்படும் துறவிகள், விடியுமுன் கதவிலுள்ள சிறு திறப்பு வழியாக ஓர் ஏணியை வெளியே நீட்டுகிறார்கள். அதில் ஏறினால்தான் மேல்பூட்டு எட்டும். ஏணி உள்ளே, சாவி வெளியே. சாவி ஏதாவது ஒரு சபையிடம் போனால் கோவிலே அவர்களுடையது என்றாகிவிடும். அதனால்தான் மூவரும் இந்த ஏற்பாட்டை விடாமல் காப்பாற்றுகிறார்கள்.

அடிதடியும் இதே வேரிலிருந்துதான் முளைக்கிறது. 1757-இலும் 1852-இலும், அன்று ஜெருசலேமை ஆண்ட ஒட்டோமான் துருக்கிய சுல்தான்கள் இட்ட ஆணைப்படி, அவரவர் அனுபவித்து வருவது அப்படியே தொடர வேண்டும். நம் நிலத் தகராறுகளில் அனுபவ பாத்தியம் பேசுவார்களே, அதேதான். கூரையைப் பழுதுபார்ப்பவருக்குக் கூரை சொந்தம். விளக்கு மாட்டியவருக்குத் தூண் சொந்தம். அடுத்த சபைக்காரரை ஒரு படியைப் பெருக்க விட்டால் அந்தப் படி கைவிட்டுப் போகும். 2011 டிசம்பரில் பெத்லகேமில் இயேசு பிறப்புக் கோவிலில் கிரேக்கர்களும் அர்மீனியர்களும் துடைப்பத்தாலேயே அடித்துக்கொண்டது பண்டிகைச் சுத்தத்தின்போதுதான். கல்லறைக் கோவிலின் கூரை மேலுள்ள மடம் யாருக்கு என்று காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவர்கள்), எத்தியோப்பிய சபைகளுக்குள் தீராத வழக்கு. 2002 கோடையில் அங்கே காவல் இருந்த எகிப்தியத் துறவி, நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியர் அதை எல்லை மீறலாக எடுத்துக்கொண்டார்கள். 11 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. 1927 பூகம்பத்துக்குப் பிறகு நலிந்துபோன, கோவிலுக்குள் இயேசுவின் கல்லறை மேல் நிற்கும் மாடத்தை, 1947-இல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டங்களால் கட்டி நிறுத்தினார்கள். யார் பழுதுபார்ப்பது என்று முடிவாகாமல் சுமார் 70 ஆண்டுகள் அது அப்படியே நின்றது. 2015-இல் ஆபத்து என்று போலீஸ் சிறிது நேரம் மூடிய பிறகுதான் மூவரும் இறங்கி வந்தார்கள். செலவில் மூவருக்கும் பங்கு, வேலை செய்தது ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு. அதனால் 'நான்தான் பழுதுபார்த்தேன்' என்று நாளை யாரும் உரிமை கொண்டாட முடியாது. 2017 மார்ச்சில் வேலை முடிந்தது. பொதுச் சொத்து என்று யாரும் அறிவிக்கவில்லை; ஒருவரும் தன் உரிமையில் ஓர் அங்குலம்கூட விடவில்லை. வேலை நடந்ததே அதனால்தான்.

சில நூறு மீட்டர் தள்ளி, முஸ்லிம்களின் மசூதி இருக்கும், யூதர்களும் புனிதமாகக் கருதும் அல்-அக்ஸா வளாகத்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 1967-க்குப் பிறகு நிர்வாகம் ஜோர்டான் சார்ந்த வக்ஃபிடம், வெளிப்புறக் காவல் இஸ்ரேலிடம். பிற மதத்தவர் பார்க்கலாம், வழிபடக் கூடாது என்பது அன்று வகுத்த ஏற்பாடு. ஆனால் தூண் தூணாக, படி படியாக வகுத்த பட்டியல் அங்கே கிடையாது. 2017 ஜூலையில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டதும் வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்தது இஸ்ரேல். வாசலில் கருவி வைப்பவரே வாசலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார் என்று தொழுகையாளர்கள் உள்ளே போக மறுத்துத் தெருவிலேயே தொழுதார்கள். உயிர்ப்பலிகளுக்குப் பிறகு, பத்து நாட்களுக்குள் கருவிகள் அகற்றப்பட்டன.