அரை மணி ஓடியதும் இழுவை குறைகிறதா? முதலில் டேங்க் மூடியைத் திறங்க

தொண்டி தம்பிக்கு, வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) பழைய ரெட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின், கரையில் நல்லா எடுக்குது, அரை மணி ஓடினதும் இழுவை விழுது, கரும்புகை இல்லைன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெய்து இப்போ எஞ்சினைப் பிரிக்காதீங்க. பம்பு, நாசில்னு செலவு இழுத்துட்டே போகும்.

கரும்புகை வந்தா காத்துப் பத்தலை, இல்லாட்டி பாரம் கூடுது: ஏர் ஃபில்டர், புரொப்பல்லரில் சுத்தின நரம்பு வலை, படகு அடியில் ஒட்டின கொட்டலசு (ஓடு மாதிரி ஒட்டி வளர்ற கடல் உயிரி). உங்களுக்குப் புகையே இல்லை, அதுவும் நேரம் போகப் போகத்தான் விழுது. அப்போ டீசல் போய்ச் சேரலை.

அடுத்த தடவை இழுவை விழும்போது டேங்க் மூடியைத் தளர்த்துங்க. 'புஸ்'ஸுன்னு காத்து உள்ளே இழுத்து, எஞ்சின் மெல்ல ஏறினா, டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காத்து விடுற மூச்சுத் துளை அடைச்சிருக்கு. பாம்பனில் என் வல்லத்துக்கு இதேதான். ரெண்டு ஃபில்டர் மாத்தியும் தீரலை. கடைசியில் அந்தத் துளைக்குள் குளவி கட்டின மண்ணை, வலை பின்னுற ஊசியால குத்தி எடுத்தேன்.

அதிலும் மாறலைன்னா, சுத்தமான கேனில் டீசல் ஊத்தி, டேங்கை விட்டுட்டு அதிலிருந்து குழாய் கொடுத்து ஓட்டுங்க. அப்போ நல்லா ஓடினா கோளாறு டேங்கிலோ அதோட குழாயிலோதான். பழைய ரப்பர் குழாய் வெளியே நல்லாத் தெரியும், உள்தோல் உரிஞ்சு வழியை மறைக்கும். வெட்டிப் பாருங்க.

ஃபில்டர் கிண்ணத்து டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடிச்சு வைங்க. அடியில் தண்ணி தங்கினா டேங்கையே கழுவணும். சோதனையைக் கரையோரமா, கூட ஒரு ஆளோட பண்ணுங்க தம்பி.