இல்லப் போட்டியும் போர் நினைவும்

கேள்வி: பிரிட்டனில் என் மகன் படிக்கும் பள்ளியில், நவம்பர் 11 நினைவு நாளுக்காக, படைவீரர் நலநிதிக்கென விற்கப்படும் பாப்பி மலர்ச் சின்னங்களை அதிகம் விற்கும் இல்லத்துக்கு (மாணவர்களைப் பிரித்திருக்கும் 'ஹவுஸ்' குழுவுக்கு) புள்ளிகள் வழங்குகிறார்கள். போரில் மாண்டவர்களை நினைப்பதில் போட்டி தகுமா?

பதில்: இல்ல முறையே இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி விடுதிகளில் பிறந்ததுதான். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் முதல் உலகப் போரில் மடிந்தபோது, அவர்களுடைய பெயர்களைப் பள்ளிச் சுவர்களில் பொறிக்கச் செய்ததில் அந்த இல்லப் பற்றுக்கும் பங்குண்டு. ஆகவே இல்ல உணர்வை அஞ்சலிக்கு அந்நியமானதாக நான் கருதவில்லை. புள்ளிக் கணக்கு மட்டும் விளையாட்டுத் திடலோடு நிற்கட்டும். (நிதி திரட்டுவது நல்ல காரியமே, அதற்குக் கோப்பை எதற்கு?)

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாயில் என்ற முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள், இந்திய வீரர்கள் உட்பட, படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உடன் நின்றவர்கள் அங்கும் சேர்ந்தே இருக்கிறார்கள். அதே முறையில், ஒவ்வோர் இல்லமும் பள்ளி நினைவுப் பலகையிலுள்ள ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அவருடைய வயது, படைப்பிரிவு, மாண்ட நாள் ஆகியவற்றைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, அன்று காலை 11 மணிக்குக் கடைப்பிடிக்கும் மௌன அஞ்சலிக்கு முன் வாசிக்கலாம் என்று தலைமையாசிரியருக்கு எழுதுங்கள்.