மிதிவண்டிப் பாதைகளை அமைத்துவிட்டால் மக்கள் மிதிவண்டிக்கு மாறிவிடுவார்களா? நகர அமைப்புக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு?

மாறிவிட மாட்டார்கள். பாதை தேவைதான், ஆனால் பாதை மட்டும் போதாது என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. அலுவலகத்துக்கும் கடைகண்ணிக்கும் பதினான்கு ஆண்டுகளாக மிதிவண்டியிலேயே போய்வருபவன் என்பதைத் தவிர, இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. நகரத் திட்டமிடல் படித்தவன் அல்லன். தினமும் போகும் வழியில் ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் மட்டும் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று யோசிக்கப்போய், மற்ற நகரங்கள் என்ன செய்தன என்று படிக்கத் தொடங்கியவன்.

நான் சொன்ன ஊர், லண்டனுக்கு வடக்கே உள்ள ஸ்டீவனேஜ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் புதிதாக உருவாக்க முனைந்த நகரங்களுள் முதலாவதாக 1946-இல் அறிவிக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த எரிக் கிளாக்ஸ்டன் தாமே மிதிவண்டி ஓட்டியவர். பெரிய சாலைகளை ஒட்டி அகலமான தனிப் பாதைகளை அவர் அமைத்தார். ரவுண்டானா வரும் இடங்களில் அப்பாதைகள் சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏறின. காரை எதிர்கொள்ளாமலேயே ஊரின் பெரும்பகுதியைச் சுற்றிவரலாம். இன்றும் பல நகரங்கள் ஏங்கும் ஏற்பாடு அது. இருந்தும் ஸ்டீவனேஜ் மக்களில் பெரும்பாலோர் காரையே எடுத்தார்கள். ஏனென்றால் அதே நகரத்தில் காருக்கான சாலைகளும் அகலமாக, நெரிசல் இல்லாமல், போய்ச் சேரும் இடத்தில் தாராளமாக நிறுத்த வசதியோடு அமைந்திருந்தன. இரண்டு கிலோமீட்டர் தொலைவைக் காரில் நான்கு நிமிடத்திலும் மிதிவண்டியில் எட்டு நிமிடத்திலும் கடக்கலாம் என்றால், மழை வராத நாளிலும் கை கார்ச் சாவியைத்தான் தேடும். இதற்காக அந்த மக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர்கள் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

இதற்கு நேர் எதிரான பாடம் நெதர்லாந்தின் வடக்கே உள்ள குரோனிங்கனில் கிடைத்தது. 1977-இல் அந்நகரம் தன் மையப் பகுதியை நான்கு துண்டுகளாகப் பிரித்தது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் காரில் நேரே போக முடியாது. வெளியே உள்ள சுற்றுச்சாலைக்கு வந்து, வளைந்து, மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். நடப்பவருக்கும் மிதிவண்டியில் வருபவருக்கும் இந்தத் தடை இல்லை. பெரிய பாலமோ சுரங்கமோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒருவழிப் பலகைகளும் சில தடுப்புகளும், எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளும் அரசியல் துணிவும் போதுமாக இருந்தன. எதிர்ப்பு என்றால் சாதாரண எதிர்ப்பு அல்ல. வணிகம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாகப் போராடினார்கள். இன்று உலகில் மிதிவண்டிப் பயணம் மிக அதிகமாக உள்ள நகரங்களின் வரிசையில் குரோனிங்கனைச் சொல்லாமல் விட முடியாது. உட்ரெக்ட் அருகே உள்ள ஹவுட்டன் என்ற சிற்றூர் இதே கருத்தைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அங்கே ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்த குடியிருப்புக்குக் காரில் போக ஊரைச் சுற்றிய வட்டச்சாலைக்குப் போய்த்தான் வரவேண்டும். மிதிவண்டிக்கோ ஊர் நடுவே ரயில் நிலையத்தை ஒட்டிய நேர்வழி இருக்கிறது.

இந்த இரு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. நகரம் எந்தப் பயணத்தைச் சுருக்குகிறது, எந்தப் பயணத்தை நீட்டுகிறது என்பதே மக்கள் எதில் ஏறுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. பாதையில் பூசும் வண்ணம் அதற்குப் பிறகு வரும் செய்தி.

“அது அவர்கள் பண்பாடு, நமக்கு ஒத்துவராது” என்று இந்த இடத்தில் யாராவது சொல்வது வழக்கம். நெதர்லாந்தின் வரலாறு அதை ஒப்புக்கொள்வதில்லை. 1950-களிலும் 60-களிலும் அங்கும் மிதிவண்டி வேகமாகக் குறைந்துகொண்டுதான் வந்தது. வாய்க்கால்களைத் தூர்த்துச் சாலை போடும் திட்டங்கள்கூட இருந்தன. 1971-இல் சுமார் 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை வந்தது; வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மிதித்துப் போனார்கள். ஆக, சண்டையிட்டும் செலவிட்டும் வாங்கிய பண்பாடு அது. தொடக்கத்தில் அவர்களும் தடுமாறினார்கள். 1970-களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் தலா ஒரு நீண்ட மாதிரிப் பாதையை அமைத்தபோது, ஏற்கெனவே பக்கத்துத் தெருக்களில் ஓட்டியவர்களே பெரும்பாலும் அதற்கு மாறினார்கள். புதிதாக வந்தவர்கள் குறைவு. ஒரே ஒரு நல்ல பாதை நகரத்தை மாற்றாது, வீட்டு வாசலிலிருந்து போகுமிடம் வரை அறுபடாத வலைப்பின்னல் வேண்டும் என்ற முடிவுக்கு அதன் பிறகே வந்தார்கள்.

வெயிலைக் காரணம் காட்டுபவர்களுக்கு ஸ்பெயினின் செவில் நல்ல விடை. கோடையில் வெப்பநிலை 40 டிகிரியை எளிதில் தாண்டும் ஊர் அது. 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், கார்கள் நின்றிருந்த இடங்களை எடுத்து, சுமார் 80 கிலோமீட்டர் தனிப் பாதைகளை ஒன்றோடொன்று இணையும்படி அமைத்தார்கள். அதிலிருந்து மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு பெருகின. ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் என்று துண்டு துண்டாகச் சேர்த்திருந்தால், ஒவ்வொரு துண்டையும் காட்டி “யாருமே ஓட்டவில்லையே” என்று சொல்லியே திட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள். எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. 1980-களில் பெய்ஜிங் மிதிவண்டிகளின் தலைநகராக இருந்தது. அகலமான தனித்தடங்கள் ஏற்கெனவே இருந்த ஊர்தான் அது. கார்கள் பெருகியபோது அத்தடங்களில் கார்கள் ஓடவும் நிற்கவும் தொடங்கின. இருபதே ஆண்டுகளில் மிதிவண்டியின் பங்கு சரிந்து விழுந்தது.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். சாலையின் நீளவாட்டில் போகும்போது எனக்குப் பயம் குறைவு. ஒருமுறை மட்டும், நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்து என்னைக் கீழே தள்ளியது. அன்றிலிருந்து நிற்கும் கார்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுகிறேன். உண்மையான பயம் சந்திப்பில்தான். பல நகரங்களில் அழகான மிதிவண்டித் தடம் சந்திப்புக்கு முப்பது மீட்டர் முன்னால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடத்தில் “இனி உன் பாடு” என்று கைகழுவிவிடுகிறார்கள். பாதுகாப்பான சந்திப்பை நெதர்லாந்துப் பொறியாளர்கள் வேறு விதமாக அமைக்கிறார்கள். மூலையில் சிறு திட்டு ஒன்று வைக்கப்படுகிறது. அது திரும்பும் காரை மெதுவாக வளைய வைக்கிறது. மிதிவண்டி கடக்கும் இடம் ஏறத்தாழ ஒரு காரின் நீளம் உள்ளே தள்ளி அமைகிறது. எனவே திரும்பும் ஓட்டுநர் திரும்பி முடித்த பிறகு, மிதிவண்டிக்காரரை ஓரக்கண்ணால் தேடாமல் நேர் எதிரே பார்க்கிறார். வழிவிட்டு நிற்கவும் அவருக்கு இடம் இருக்கிறது. பின்னால் நிற்கும் கார்களும் தடைபடுவதில்லை. இதில் யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பத் தேவையில்லை. கோணமும் தூரமும் வேலையைச் செய்துவிடுகின்றன.

மிதிப்பவன் சிக்னலில் நிற்க ஏன் அவ்வளவு சலித்துக்கொள்கிறான் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு முறை நின்று மீண்டும் அந்த வேகத்தை எட்டச் செலவாகும் ஆற்றல், சமதளத்தில் எண்பது முதல் நூறு மீட்டர் கூடுதலாக மிதிப்பதற்குச் சமம். காரோட்டிக்கு அது வலது பாதத்தின் சிறு அசைவு. மிதிப்பவனுக்கு அது தொடைக் கணக்கு. கோபன்ஹேகனில் சில சாலைகளின் சிக்னல்களை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மிதிவண்டிக்குத் தொடர்ந்து பச்சை கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982-லேயே, நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் வேறு யாரும் வரவில்லை என்றால் மிதிவண்டிக்காரர் முழுதும் நிற்காமல் மெதுவாகக் கடக்கலாம் என்று சட்டத்தை மாற்றியது.

கேள்வியின் இரண்டாம் பாதி, மிதிவண்டி நகரத்தை எப்படி மாற்றுகிறது என்பது. இதில் பலர் மறந்துவிட்ட ஒரு வேடிக்கை உண்டு. 1885-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவத்தை ஒத்த மிதிவண்டியை உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1880-இல் தொடங்கப்பட்ட மிதிவண்டியாளர் சங்கம், சேற்றுச் சாலைகளைச் சீர்செய்யச் சொல்லி அரசை நச்சரித்துக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்டு வாங்கிய வழவழப்பான சாலையில்தான் பின்னாளில் கார் வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டார்லியின் மிதிவண்டிக்கு ரோவர் என்று பெயர். அந்தப் பெயரும் பிறகு காருக்கே போய்விட்டது.

இன்று மிதிவண்டி நகரத்தில் செய்யும் மாற்றம் வேறு வகையானது. பத்து நிமிடத்தில் ஒருவர் சுமார் 800 மீட்டர் நடக்கலாம். அதே பத்து நிமிடத்தில் நிதானமாக மிதித்தால் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். தொலைவு மூன்று மடங்குதான் என்றாலும், பரப்பாகப் பார்த்தால் ஏறத்தாழ பத்து மடங்கு. அதாவது ஒரு ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை பத்து மடங்காகிறது. உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நிறுத்துமிடம் 12,500 மிதிவண்டிகளைக் கொள்கிறது. அதே எண்ணிக்கையில் கார்களை அங்கே நிறுத்த முயன்றால் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊரையே இடிக்க வேண்டியிருக்கும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து மிதிவண்டிகள் நிற்கும். நகரத்தில் விலையுயர்ந்த பொருள் நிலம்தான் என்பதால், மாசு, உடல்நலம் ஆகியவற்றைவிட எனக்கு இந்தக் கணக்கே வலுவானதாகப் படுகிறது.

யார் ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதும் பயன் தரும். மிதிவண்டி குறைவாக உள்ள நகரங்களில் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நெதர்லாந்தில் ஆண்களைவிடப் பெண்கள் சற்று அதிகமாகவே ஓட்டுகிறார்கள். பள்ளியில் பிள்ளையை விட்டு, மருந்து வாங்கி, பிறகு வேலைக்குப் போவது போன்ற தொடர்ப் பயணங்களைச் செய்பவர்களுக்குத் தெருவோரமெல்லாம் பாதுகாப்பு வேண்டும். அலுவலகப் பகுதிக்கு மட்டும் நீளும் ஒற்றைப் பாதை என்னைப் போன்றவனுக்குப் பயன்படும், அவர்களுக்கு உதவாது.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. பின்லாந்தின் ஔலு நகரில் குளிர்காலம் முழுதும், உறைநிலைக்கு வெகு கீழேயும், மக்கள் மிதிக்கிறார்கள். முக்கிய மிதிவண்டிப் பாதைகளின் பனியை அங்கே விடியற்காலையிலேயே அள்ளிவிடுகிறார்கள். மணலும் கண்ணாடித் துண்டுகளும் காய்ந்த இலைகளும் கார்ச் சக்கரங்களால் தள்ளப்பட்டு ஓரத்துக்குத்தான் வந்து சேரும். மிதிவண்டித் தடமும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. உங்கள் நகரம் புதிய பாதையை அறிவித்தால், நீளம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எந்தச் சந்திப்பில் அது முடிகிறது, அதைப் பெருக்குவது யார் பொறுப்பு என்றும் கேளுங்கள்.