ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் கார்: தப்பு கிட்டிலா, மாட்டியதிலா?

கேள்வி: என்னுடையது 2014 ஸ்விஃப்ட். போன மாதம் காயில்ஓவர் கிட் (மரையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் செட்) வாங்கி, வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினேன். ரொம்பத் தாழ்ந்துவிட்டதே என்று முன்பக்கம் இரண்டையும் மரை எண்ணி ஒரே அளவுக்கு ஏற்றினோம். இப்போது இடது முன்பக்கம் மட்டும் 15 மி.மீ. இறங்கி நிற்கிறது. மெக்கானிக் கிட்டைக் குறை சொல்கிறார், கடைக்காரர் மாட்டியதைக் குறை சொல்கிறார். கிட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அதற்குள் கழற்றிவிடாதீர்கள். எங்கே நிறுத்தி அளந்தீர்கள்? வீட்டு வாசல் என்றால் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டியில் யாரும் இல்லாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். தாழ்வு வலது பக்கம் போய்விட்டால், கோணல் தரையில்தான்.

தாழ்வு இடத்திலேயே இருந்தால் என் முதல் சந்தேகம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் மூட்டில் உள்ள ரப்பர்) மீது. ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே அதன் போல்ட்டை முறுக்கிவிடுவது நம் ஊரில் சகஜம். வண்டி தரைக்கு வந்ததும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நாலு தடவை அழுத்தி விட்டுவிட்டு முறுக்கச் சொல்லுங்கள். அப்படியே ஸ்பிரிங் நுனி அதன் தட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். நாற்காலியில் ஒரு கால் நீண்டால் ஆடுவது வேறு கால்தானே? வலது பின் ஸ்பிரிங் உயரமாக இருந்தால், இடது முன்பக்கம் அமுங்கும். மரை எண்ணுவது ஆரம்பத்துக்குச் சரி. கடைசிக் கணக்கு அளவு டேப்தான். 5 மி.மீ. வித்தியாசம் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். 15 அப்படியல்ல. உயரம் சரியானதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், ஹெட்லைட் வெளிச்சத்தையும் பாருங்கள்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால்தான் முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி அருகருகே நிறுத்த வேண்டும். நீளமோ, கம்பித் தடிமனோ, அச்சிட்ட எண்ணோ ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு கிட்டில். படம் எடுத்து, பில்லோடு கடைக்காரரிடம் எழுத்தில் மாற்றித் தரக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஸ்பிரிங் ஒத்துப்போனால் உங்கள் பேச்சு மெக்கானிக்கோடு. அவரிடம் பில் வாங்கியிருந்தால், சேவைக் குறைபாடு என்று அதே வழியில் கேட்கலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. விபத்து கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் இதைக் கிளப்பலாம். திரும்ப மாட்ட வேண்டி வரலாம், பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.