கடிதம்: செத்தா எந்தக் கட்டத்துல விழுவார்?

அன்புள்ள அக்கா,

எம்எஸ்சி ஆக்சுவரியல் சயின்ஸ் (இன்ஷூரன்ஸுக்கான ரிஸ்க் கணக்கு) ரெண்டாவது செமஸ்டர் படிக்கிறேன். சர்வைவல் மாடல்ஸ் பேப்பர்ல எங்க ப்ரொஃபசர் 200 பாலிசியைக் குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் தேதி பாத்து எக்ஸ்போஷர் (ஒவ்வொருத்தரும் எத்தனை நாள் கணக்குல இருந்தாங்கங்கிறது) எண்ணி, கையாலயே மார்ட்டாலிட்டி ரேட், அதாவது சாவு விகிதம், போடச் சொல்றார். ஆர் சாஃப்ட்வேர்ல நாலு வரி எழுதினா முடிஞ்சுது. கம்யூட்டேஷன் டேபிளும் வேற போடணுமாம். வேலைக்குப் போனா யாரு இதெல்லாம் கையால போடப்போறா? இந்த நேரத்துல மெஷின் லேர்னிங் படிச்சா உருப்படியா இருக்காதா? இட்டோ லெம்மான்னு ஒரு கணித விதி, அது சுத்தமா புரியல. ஏஐ வந்துட்டா இந்த வேலையே இருக்குமான்னும் பயமா இருக்கு. பேர் போட வேண்டாம்.

*

தம்பி,

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே எழுதுறேன். ஒரு வாரமா இதேதான் என் மண்டையில ஓடிட்டு இருக்கு. புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி ஒரு ஷீட் கொண்டுவந்து காட்டினா, நான் படிக்கிறப்ப பண்ணின அதே தப்பு அச்சு அசலா அதுல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் பாத்தா உன் கடிதம்.

முதல்ல சின்னதையெல்லாம் முடிச்சிடுறேன். கம்யூட்டேஷன் டேபிள் விஷயத்துல நீ சொல்றது சரி, அது கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பெருக்கல் வேலையைக் குறைக்கக் கண்டுபிடிச்சது, பரீட்சைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு படிச்சுட்டு விட்டுடு. இட்டோ லெம்மாவைப் படிக்காத, போடு. பத்து கணக்கு போட்டா பதினொண்ணாவதுல தானா வரும். ஏஐ பத்தி இப்ப யோசிக்காத, மொதல்ல செமஸ்டரை முடி.

ஆனா அந்த 200 பாலிசி இருக்கே, அதை நாலு வரி கோட்ல முடிச்சிடலாம்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்குக் கோவம் வருது. அந்த நாலு வரிக்கு உள்ள என்ன போகுதுன்னு நீ பாத்தியா? பாத்திருந்தா இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்ட.

என் ப்ராஜெக்ட் கதையைச் சொல்றேன். எனக்கும் இதே மாதிரி பாலிசி ஃபைல் ஒண்ணு, டெத் ஃபைல் ஒண்ணு குடுத்தாங்க. ரெண்டுலயும் வயசுன்னு ஒரு நெடுவரிசை இருந்துச்சு. வயசை வச்சு ரெண்டையும் சேத்தேன், மேல செத்தவங்க, கீழ எக்ஸ்போஷர், வகுத்தேன், லாக் எடுத்து கிராஃப் போட்டேன். நூல் பிடிச்ச மாதிரி நேர் கோடு. வயசு ஏற ஏற மார்ட்டாலிட்டி ஒரே விகிதத்துல பெருகிக்கிட்டே போகும்னு 1825ல கோம்பெர்ட்ஸ் சொன்னது அப்படியே என் ஸ்கிரீன்ல தெரியுது, எனக்கு ஒரே சந்தோஷம், பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணியே குடுத்துட்டேன்.

எங்க மேடம் முதல் பக்கத்தைக்கூட படிக்கல. "டெத் ஃபைல்ல வயசு எப்படி எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கேள்வியே புரியல. போய்ப் பாத்தா டெத் ஃபைல்ல ஏஜ் நியரஸ்ட் பர்த்டே, பாலிசி ஃபைல்ல ஏஜ் லாஸ்ட் பர்த்டே. அதாவது 60ன்னு போட்ட செத்தவங்க எல்லாம் 59.5ல இருந்து 60.5 வரைக்கும், 60ன்னு போட்ட உயிரோட இருக்கிறவங்க 60ல இருந்து 61 வரைக்கும். மேல ஒரு கூட்டம், கீழ வேற கூட்டம், நான் ஒண்ணை இன்னொண்ணால வகுத்து அதுக்கு ரேட்னு பேர் வச்சிருக்கேன். நடு வயசுக்கு மேல சாவு ரேட் ஏறக்குறைய 8 வருஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், அப்ப அரை வருஷம் தள்ளிப்போனா 4 சதவீதத்துக்கு மேல பிசகும். ஒவ்வொரு வயசுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆள் இருந்தாலே இந்த 4, ஆள் எண்ணிக்கை ஏறி இறங்கினா இன்னும் மோசம். சாவைக் குறைச்சுக் காட்டுற கணக்கு அது, அதை வச்சு டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு பிரீமியம் போட்டா ஒவ்வொரு பாலிசியிலயும் பிரீமியம் பத்தாம போகும்.

இதுல என்னை இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது என்னன்னா, கிராஃப்ல ஒண்ணுமே தெரியல. தெரியவும் தெரியாது! அரை வயசு தள்ளினா கோடு மொத்தமா கொஞ்சம் கீழ இறங்கும், அவ்வளவுதான், சாய்வு அதே சாய்வு, நேர்கோடும் நேர்கோடுதான். ஸ்மூத்னஸ் டெஸ்ட் பாஸ், கை ஸ்கொயர் பாஸ். ஏன்னா அந்த டெஸ்ட் எல்லாம் என் தப்பான ரேட்டோட என் கோடு ஒத்துப்போகுதான்னு பாக்குது, ரேட்டு சரியான்னு பாக்குறதில்ல. உன் ஆர்ல எர்ரர் மெசேஜ் ஒண்ணும் வராது தம்பி. கோட் ஓடும். ஓடி முடிச்சு ஆறு தசம இடத்துக்குத் தப்பான பதிலைக் குடுக்கும்.

மேடம் என்ன செஞ்சாங்கன்னா, ஒரு பென்சிலை எடுத்துட்டு முதல் வரியில இருந்து ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே கேள்விதான்: "இவர் இந்த நிமிஷம் செத்துப்போனா, நீ எண்ணி வச்சிருக்கிற சாவுல இந்த வயசுக் கட்டத்துல விழுவாரா?" விழுவார்னா கீழயும் இந்தக் கட்டத்துல இருக்கணும், இல்லன்னா இருக்கக் கூடாது. புத்தகத்துல பிரின்சிபிள் ஆஃப் கரஸ்பாண்டன்ஸ்னு ஒரு பத்தியில சொல்லிட்டுப் போயிடுவாங்க, நானும் அதை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினவதான். இருபதாவது வரியோ என்னமோ, 41 வயசு அம்மா ஒருத்தங்க, மார்ச் 14ல பாலிசி ஆரம்பிச்சிருக்காங்க, ஆகஸ்ட் 2ல லாப்ஸ் ஆயிடுச்சு, அதாவது பிரீமியம் கட்டாம பாலிசி நின்னுபோச்சு. நான் அவங்களை முழு வருஷமா எண்ணியிருந்தேன். "ஆகஸ்ட்டுக்கு அப்புறம் இவங்க செத்தா உனக்கு யாரு வந்து சொல்வா?"ன்னு கேட்டாங்க. யாரும் சொல்ல மாட்டாங்க. 141 நாள், 0.386 வருஷம், அவ்வளவுதான் அவங்க என் கணக்குல இருந்தது. அதுக்கப்புறம் அவங்க எங்கயோ நல்லா இருக்காங்க, ஆனா என் ஷீட்ல இல்ல. அந்த ஒரு வரியிலதான் எனக்கு சென்சாரிங், அதாவது பாதியில கண்ணுக்கு மறைஞ்சவங்களை மறைஞ்ச வரைக்கும் மட்டும் எண்ணுறது, புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி ரெண்டு செமஸ்டர் அந்த வார்த்தையைச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

இது ஏதோ எங்க மேடத்தோட பிடிவாதம்னு நினைக்காத. வால்நட்சத்திரத்துக்குப் பேர் வந்துதே, அதே எட்மண்ட் ஹாலி, 1693ல லைஃப் டேபிள் (எந்த வயசுல எத்தனை பேர் உயிரோட மிச்சம்னு காட்டுற பட்டியல்) போடுறப்ப லண்டன் சாவுக் கணக்கை வச்சுப் போடல. வெளியூர்ல இருந்து வந்து குடியேறினவங்க நிறைய அங்க சாகுறாங்க, அவங்க அங்க பிறந்தவங்க இல்ல, அப்ப சாவும் பிறப்பும் ஒரே கூட்டத்தைப் பத்தினது இல்லன்னு காரணத்தை எழுதியே வச்சிருக்கார். அதனாலதான் ஆள் போக்குவரத்து கம்மியா இருந்த ப்ரெஸ்லாவ் (இன்னைக்கு போலந்துல இருக்கு) ஊரோட 1687ல இருந்து 1691 வரைக்குமான கணக்கை எடுத்தார், காஸ்பர் நியூமன்ங்கிற பாதிரியார் சேத்து வச்சது. வருஷத்துக்கு 1238 குழந்தை பிறக்குது, 348 குழந்தை முதல் பிறந்தநாளைப் பாக்கல, ஆறு வயசு தாண்டினது 692. இதையெல்லாம் அவர் கையாலதான் எண்ணியிருக்கணும். அந்த 348ஐ ஒரு நிமிஷம் நின்னு பாரு. நம்ம படிப்பே அங்க இருந்துதான் வருது, நீ என்னடான்னா நேரம் வேஸ்ட்டுங்கிற.

மெஷின் லேர்னிங் படி, வேணாங்கல. ஆனா அதுக்கும் யாராவது இந்த ரெண்டு ஃபைலை சேத்துத்தான் குடுக்கணும், அந்த யாராவது நீதான்.

திருத்துறதுக்கு ஒரே வரி போதும். லாஸ்ட் பர்த்டே 59ல இருக்கிற எக்ஸ்போஷர்ல பாதி, 60ல பாதி, ரெண்டையும் கூட்டினா நியரஸ்ட் பர்த்டே 60க்குப் பக்கத்துல வந்துடும். அந்த வரியை நீ ஆர்லயே எழுதிக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். 200ல முதல் 30 பாலிசியை மட்டும் பென்சிலால போட்டுட்டு எனக்கு எழுது: டெத் ஃபைல்ல வயசு எப்படி எழுதியிருக்கு, பாலிசி ஃபைல்ல எப்படி எழுதியிருக்கு, நடுவுல நின்னுபோனவங்க எத்தனை பேர், அவங்களை நீ எத்தனை நாள் எண்ணின.

அன்புடன்,
அக்கா