கவபட்டா படத்துக்கு சப்டைட்டில் தேட வேண்டாம்

வணக்கம் நண்பரே. ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவபட்டா கதையில் பங்காற்றிய 'குருத்தா இப்பேஜி' என்ற மௌனப் படத்தில் ஒரு எழுத்துகூட வரவில்லை, பிரதியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இல்லை. இயக்குநர் கினுகசா காட்சிகளுக்கு நடுவே வரும் வசன அட்டையே வைக்கவில்லை. அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்று 'பென்ஷி' என்கிற கதைசொல்லி பேசுவார். போதாக்குறைக்கு, 1971-இல் திரும்பக் கிடைத்த பிரதியில் சில பகுதிகளும் இல்லை.

படத்தில் வரும் கிழவர் மனநல விடுதியில் வேலைக்குச் சேர்ந்ததே உள்ளே இருக்கும் மனைவிக்காகத்தான். இதை மட்டும் மனதில் வைத்து மறுபடி பாருங்கள். படத்தின் கடைசியில் நோயாளிகளுக்குச் சிரிக்கும் முகமூடிகளை மாட்டிவிடுவார், எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. 1926-இல் படம் வந்தபோது கவபட்டாவுக்கு 27 வயதுதான்.