அறை நண்பருக்குத் தட்டம்மை: 26 வயதில் எனக்கும் வருமா?

கேள்வி: வயது 26. விடுதியில் என் அறை நண்பருக்குத் தட்டம்மை என்று நேற்று உறுதியானது. சிறுவயதில் எனக்கு ஒரு ஊசி போட்டதாக அம்மா சொல்கிறார். எனக்கும் வருமா? ஊரில் அக்கா ஆறு மாதக் கர்ப்பம். வார இறுதியில் போகலாமா?

பதில்: வரலாம். ஒன்பதாம் மாதத்தில் போடும் அந்த ஒரு ஊசி நூறில் 85 பேரைத்தான் காக்கும். 2017-ல் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. நீங்கள் அப்போதே அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் இரண்டாவது ஊசி விட்டுப்போயிருக்கும்.

நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி நோயையே தடுக்கக்கூடும். ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே இது பரவ ஆரம்பித்துவிடும். ஒரே அறையில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கெடு அநேகமாக முடிந்திருக்கும். பரவாயில்லை, இன்றே எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை தப்பினால் அடுத்த முறைக்கு ஆகும்.

ஊருக்கு மூன்று வாரம் போகவே வேண்டாம். கர்ப்பிணிக்குத் தட்டம்மை வந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை போகலாம். கர்ப்பத்தில் எம்எம்ஆர் போடவும் கூடாது.

முதலில் சாதாரண சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்கும்: 103 டிகிரி, வறட்டு இருமல், வெளிச்சம் பார்த்தால் கூசும் சிவந்த கண்கள். கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, உப்புக்கல் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஏறக்குறைய உறுதி. அப்புறம் காதுக்குப் பின்னால், நெற்றியில் தொடங்கும் தடிப்பு கால்வரை இறங்கும். சின்னம்மை மாதிரி நீர்க்கொப்புளம் இருக்காது.

'குழந்தைகளுக்கு வருவதுதானே' என்று பெரியவர்கள் படுத்துக்கிடப்பதுதான் எனக்குக் கவலை. ஐந்து வயதுக்குள் இருப்பவர்களைப் போலவே, இருபதைத் தாண்டியவர்களுக்கும் சிக்கல் அதிகம். நிமோனியா வரும், கல்லீரல் பாதிக்கும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சலும் வரலாம். வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது. பாராசிட்டமால், நிறைய நீர் ஆகாரம், ஓய்வு. வைட்டமின் ஏ வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வேப்பிலை கட்டுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதற்குத்தான்.

மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், தடிப்பு மங்கிய பிறகு காய்ச்சல் திரும்பினால் உடனே கிளம்புங்கள். போகுமுன் போனில் 'தட்டம்மையாக இருக்கலாம்' என்று சொல்லிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். நோயாளி எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். புறநோயாளிகள் வரிசையில் கைக்குழந்தைகளும் இருப்பார்கள்.